ஒரு சாண் சன்னல்

யோகேஸ்வரன் காரோடு வந்து நின்றால் கராஜைத் திறந்துவிட ஓர் ஆள் ஓடிவர வேண்டும். ஆண்டுக்கு மூன்று முறை கொழும்பிலிருந்து கொட்டகலைக்கு வரும் அவர், மூன்று முறையும் வாசலில் நின்றபடி ஹோர்ன் அடிப்பார். தம்பி சிவசாமி செருப்பு மாட்டவும் மறந்து ஓடிப்போய்த் தகரக் கதவை இழுத்துத் திறப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையும் அவ்வாறே நடந்தது.

பின்குசினியில் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த ஜெயந்தினி, தன் கணவன் வெறுங்காலோடு பனிப் புல்லில் ஓடுவதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மாவை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். வீட்டு முகப்பில் இருந்த ஒரே சமதரையை விழுங்கிக்கொண்டு நிற்கும் அந்தக் கராஜ், ஆண்டின் பெரும்பகுதி காற்றையும் ஒரு கறுப்புப் பூனையையும் காவல் காப்பதற்காகக் கட்டப்பட்டது என்பது அவளுடைய கருத்து.

காரிலிருந்து முதலில் யோகேஸ்வரனின் வயிறு இறங்கியது. அதன் பின்னால் யோகேஸ்வரன் இறங்கினார். அவருக்குப் பின்னால் கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளைஞன். கடைசியாக, பழைய போர்வையில் சுற்றிய ஓர் இரும்புப் பெட்டி.

போன வாரம் தொலைபேசியில் அவர் அறிவித்தது இவ்வளவுதான். மகள் தனுஷிகாவுக்கு நிச்சயம் செய்திருக்கும் கனடாச் சம்பந்தி வீட்டார் தைப்பொங்கலுக்கு வருகிறார்கள். இந்த வீட்டில்தான் தங்குவார்கள். ஆகவே வீடு சூடாக இருக்க வேண்டும். அதற்கு எரிவாயு பொருத்தப்படும். சிலிண்டரா, வீட்டு வளவுக்குள் டேங்க் என்று வைக்கும் பெரிய தாங்கியா என்பதைத் தாமே வந்து தீர்மானிப்பார்.

தாங்கியை எங்கே வைப்பது என்பதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

விறாந்தையில் எல்லாரும் கூடினார்கள். நடு நாற்காலியில் காளியாயி, கழுத்துவரை கம்பளி சுற்றி உட்கார்ந்திருந்தாள். இரண்டு மகன்களுக்கும் தாய். வீடும் நிலமும் அவள் பெயரில்தான் இருந்தன. தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கண்டாக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அவள் கணவன் கந்தப்பன், இறப்பதற்கு முன் ஒழுங்காகச் செய்துவைத்த ஒரே காரியம் அது என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

"கனடாவில குளிரே இல்லீங்களா, அத்தான்?" என்று ஜெயந்தினி தொடங்கினாள்.

"அங்க வீட்டுக்குள்ள குளிராது. சுவருக்குள்ளேயிருந்தே சூடு வரும். அவங்க அப்படி வாழ்ந்து பழகுனவங்க."

"அப்ப வெளியில எறங்கவேணாம்னு சொல்லிருங்க."

காளியாயி மூக்கால் சிரித்தாள். யோகேஸ்வரன் அந்தச் சிரிப்பைக் கேளாதவர் போல இளைஞனைப் பார்த்துத் தலையசைத்தார்.

வினோஜன் என்ற அந்த இளைஞன், எரிவாயு விற்கும் ஒரு நிறுவனத்தின் முகவர். மலைச்சரிவில் வழுக்காமல் நடக்க உதவாத சப்பாத்து அணிந்திருந்தான். ஜெயந்தினி அவனை எடைபோடுவதற்கு அந்தச் சப்பாத்தே போதுமாயிருந்தது.

"சிலிண்டர்னா ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஹீட்டர் வாங்கினா சரி, சேர். தொடக்கச் செலவு கொறைவு. ஆனா கிலோக் கணக்குல பார்த்தா கேஸ் வெலை கூட. முடிஞ்சா தூக்கிட்டுப் போய் மாத்தணும். டேங்க்னா கிலோவுக்குக் கொஞ்சம் மலிவு. லொறி வந்து நிரப்பிட்டுப் போயிரும். ஆனா குழாய் போடணும், டேங்குக்கு வருஷ வாடகை கட்டணும். வருஷத்துக்கு இவ்வளவுக்குக் கொறையாம எடுக்குறோம்னு ஒப்பந்தமும் இருக்கு."

"எரிச்சாலும் எரிக்காட்டியும் எடுக்கணுமா?" என்றாள் ஜெயந்தினி.

"ஆமாக்கா. ஹோட்டல்காரங்களுக்கு அது கட்டுப்படியாகும். வீட்டுக்கு, எரிக்கிற நாளைப் பொறுத்து."

"நாளை நான் சொல்றேன். வருஷத்துல பத்து நாள். மிச்ச நாளைக்கு அந்த டேங்கைச் சுத்திக் கும்பிட்டுக்கிட்டு இருக்கணும்."

"கௌரவத்துக்குக் கணக்குப் பார்க்கக்கூடாது, ஜெயந்தினி," என்றார் யோகேஸ்வரன், பள்ளிப்பிள்ளைக்குச் சொல்வது போல. "அது ஒனக்கு வெளங்காது."

"கேஸ் கெடைக்காத காலத்துல கௌரவம் எந்த அடுப்புல சாப்பிட்டிச்சின்னு எனக்கு வெளங்குமே, அத்தான்."

நாடெங்கும் மக்கள் வெற்றுச் சிலிண்டர்களைத் தெருவோரம் வரிசையாக வைத்துக் காத்துக்கிடந்த அந்த ஆண்டில், கொழும்பு அடுக்குமாடியில் அடுப்பெரிக்க வழியின்றிக் குடும்பத்தோடு இங்கே வந்து, கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் காய்ந்த மிலாறுக் குச்சி எரியும் இவளுடைய அடுப்பில் வெந்த சோற்றை ஒன்றரை மாதம் உண்டவர் யோகேஸ்வரன். புகைநாற்றம் அடிக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்.

சிவசாமி தன் கால்விரல்களை ஆராய்ந்துகொண்டிருந்தான். அண்ணன் முன்னால் அவனுக்கு எப்போதும் அங்கேதான் வேலை.

"எடத்தைக் காட்டுறேன், வாங்க," என்று யோகேஸ்வரன் எழுந்து, வினோஜனை நேரே பின்புறம் அழைத்துப் போனார்.

அளக்கும் நாடா விரிந்தது. வீட்டுச் சுவரிலிருந்து இவ்வளவு தள்ளி, வேலியிலிருந்து இவ்வளவு, தண்ணீர் ஓடும் கானிலிருந்து இவ்வளவு என்று இளைஞன் அளந்தான். அந்தச் சரிவில் எல்லா அளவுகளும் ஒருங்கே பொருந்திய இடம் ஒன்றே ஒன்றுதான். அங்கே ஜெயந்தினியின் குசினி நின்றது.

"இது இருக்கக்கூடாது, சேர். திறந்த நெருப்பு பக்கத்துலயே ஆகாது."

"இது என்ன, வெறும் தகரக் கொட்டில்தானே. பிரிச்சுப் போட்டுருவோம்," என்றார் யோகேஸ்வரன்.

வெறும் தகரக் கொட்டில். அதில் இரண்டு பெரிய இரும்புச் சட்டிகள் இருந்தன. நல்லதண்ணியிலிருந்து புனித மலைக்கு ஏறும் யாத்திரிகர்களின் காலம் இப்போதுதான் தொடங்கியிருந்தது. அங்குள்ள கடைகளுக்கும், கொட்டகலைக் கடைவீதியில் லாபிர் நானாவின் கடைக்கும் போகும் முறுக்கு முழுவதும் இந்தக் கொட்டிலிலிருந்துதான் போயிற்று. சிவசாமியின் முச்சக்கர வண்டி தேடித் தருவது வண்டிக்கே போதவில்லை. இரண்டு பிள்ளைகளும் படிப்பது இந்தச் சட்டிகளின் தயவில்தான். இந்த அடுப்பு அணைந்தால் அவள் இந்த வீட்டில், கராஜ் கதவு திறப்பவனின் பெண்டாட்டியாக மட்டுமே இருப்பாள்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான், "அண்ணே" என்றான், மூடிக்கொண்டான்.

"பேசிக்கிட்டே இருந்தா முடியாது," என்றாள் ஜெயந்தினி. "இந்தப் பொட்டிய இன்னைக்கே எரிச்சுப் பார்ப்போம்."

அந்த இரும்புப் பெட்டி, நுவரெலியாவில் மூடப்பட்ட ஏதோ ஒரு விடுதியிலிருந்து யோகேஸ்வரன் மலிவாக வாங்கிய பழைய ஹீட்டர். சின்னச் சிலிண்டர் ஒன்றை அதில் பொருத்தி மாமியாரின் அறையில் எரிப்பது என்பது ஜெயந்தினியின் யோசனை. விளக்கு வைக்கும் நேரம்வரை அது அணையாமலும் அறை ஆறாமலும் இருந்தால் சிலிண்டர், நடுவில் அணைந்தால் தாங்கி. யோகேஸ்வரன் உடனே ஒப்புக்கொண்டார். அது அணையும் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை.

"அப்புறம் யாரும் வாய் தொறக்கக்கூடாது," என்றார்.

"நான் என்ன பொங்கச் சோறா, வெந்துட்டேனான்னு தொட்டுப் பார்க்க?" என்று முணுமுணுத்துக்கொண்டே காளியாயி கட்டிலில் போய்ச் சாய்ந்தாள். ஆயினும் பெட்டியிலிருந்து முதல் வெப்பம் முகத்தில் பட்டதும், கம்பளியைக் கழுத்திலிருந்து இறக்கினாள்.

வினோஜன் சன்னலைத் திறந்து, ஒரு கல்லை முட்டுக்கொடுத்தான். "அக்கா, இது ஒரு சாண் திறந்தே இருக்கணும். கட்டாயம். மூடிறாதீங்க."

"சூடாக்குறதுக்குக் கேஸ் எரிக்கிறது. எரிச்ச சூடு வெளியில போறதுக்குச் சன்னலைத் தொறக்கிறது. நல்ல யாவாரம்பா."

"இல்லக்கா, காத்து வரணும், இல்லாட்டி..."

"போப்பா. நேரமாவுது, சாப்பிடக் கூப்பிடுறாங்க."

அவன் தயங்கி நின்றான். யோகேஸ்வரன் விறாந்தையிலிருந்து குரல் கொடுத்ததும் போய்விட்டான்.

ஜெயந்தினி அறையின் நடுவில் நின்றாள். சன்னல் வழியே மலைக்காற்று ஊசியாய் இறங்கியது. பெட்டியோ முழு வேகத்தில் எரிந்தது. இந்த வேகத்தில் போனால் பின்னேரத் தேநீருக்கு முன்பே சிலிண்டர் காலியாகும். நாளைக் காலையில் குசினியின் தகரம் கழற்றப்படும். அதுதான் அவர்களுடைய கணக்கு என்று அவளுக்குப் பளிச்சென்று விளங்கியது. ஒருவன் தாங்கி விற்க வந்தவன். மற்றவர் தாங்கி வாங்க வந்தவர். இருவருமாகச் சேர்ந்து சன்னலைத் திறந்துவைத்துவிட்டு, சிலிண்டர் போதவில்லை என்று சொல்லப்போகிறார்கள். இவ்வளவு மொட்டைத் தந்திரத்தையா தன்னிடம் காட்டுகிறார்கள் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அவள் கல்லை எடுத்துவிட்டுச் சன்னலைச் சாத்தினாள். பழைய தேயிலைக் கொழுந்துச் சாக்கை நான்காய்க் கிழித்து, கூரையடியிலிருந்த இரண்டு காற்றுத் துவாரங்களையும் அடைத்தாள். கதவின் கீழ்ச் சந்துக்கு ஒரு துண்டை எடுத்துவைத்துக்கொண்டாள். பிறகு பெட்டியின் திருகைப் பாதிக்குக் குறைத்தாள்.

"ஏ புள்ள, என்னைய டின்னுல அடைக்கிறியா?" என்றாள் காளியாயி.

"சூடு வேணுமா வேணாமா, மாமி?"

"வேணும்தான். அந்தத் தம்பி என்னமோ தொறந்து வைக்கச் சொன்னானே."

"கேஸ் விக்கிறவன் வேற என்ன சொல்லுவான்?"

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவள் ஜெயந்தினி. ஈர விறகின் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே படித்தவள். நெருப்பால் தீங்கு வருவதென்றால், கண் எரியும், தொண்டை கமறும், சுவர் கறுக்கும். இந்தப் பெட்டியிலிருந்து ஒரு நூல் புகையும் எழவில்லை. புகையில்லாத நெருப்பு யாரை என்ன செய்யும்? கதவை இழுத்துச் சாத்தி, வெளியிலிருந்து சந்தில் துண்டை நெட்டிவிட்டு அவள் தன் சட்டிக்குப் போனாள்.

அன்று பகல் முழுவதும் முறுக்கு நன்றாகச் சிவந்து வந்தது. விறாந்தையில் யோகேஸ்வரன், குழாய்கள் எந்தெந்தச் சுவர் வழியே போகும் என்று கைவீசி விளக்கிக்கொண்டிருந்தார். ஜெயந்தினி இருமுறை கதவை ஒருக்களித்து எட்டிப் பார்த்தாள். பெட்டி எரிந்துகொண்டிருந்தது, அறை கதகதவென்றிருந்தது, மாமியார் கண்மூடிக் கிடந்தாள். வெற்றி இவ்வளவு மலிவாகக் கிடைப்பதை எண்ணி, எண்ணெயில் மிதந்த முறுக்கைப் பார்த்து அவள் தனியே சிரித்தாள். வினோஜனின் சப்பாத்தையும், கொழும்புக்காரரின் வயிற்றையும் நினைத்து மறுபடி சிரித்தாள்.

காளியாயி நாள் முழுவதும் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பவள். சாயத்தண்ணி கேட்பாள்; வெற்றிலை கேட்பாள்; ஒன்றுமில்லையென்றால் நேரம் கேட்பாள். அந்த நச்சரிப்புக்கு நடுவேதான் ஜெயந்தினியின் பகல்பொழுதுகள் எல்லாம் கழியும்.

அடுத்த சட்டிக்கு மாவைப் பிழியக் கையை உயர்த்தியவள், அப்படியே நின்றாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாமியார் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

அவள் ஓடினாள். கதவைத் தள்ளியபோது, சந்தில் அவளே நெட்டிய துண்டு தடுத்தது. தோளால் இடித்துத் திறந்தாள். பெட்டியின் நெருப்பு, காலையில் இருந்த நீலம் மாறி மஞ்சளாய் நாக்கு நீட்டியது. காளியாயி கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே தரையில் கிடந்தாள். கம்பளியில் வாந்தி. கதவுவரை வர முயன்றிருக்கிறாள், கால் வரவில்லை.

"ஏங்க!" என்று ஜெயந்தினி கத்தியது கீழ்ச் சரிவிலிருந்த லயம்வரை கேட்டது.

சிவசாமி தாயை இரு கைகளிலும் அள்ளிக்கொண்டு வெளியே ஓடினான். வினோஜன் பெட்டியை அணைத்துச் சன்னலை அகலத் திறந்தான். அண்ணாந்து, அடைக்கப்பட்ட துவாரங்களைப் பார்த்தான். பிறகு ஜெயந்தினியைப் பார்த்தான். அவன் ஏதாவது பேசியிருந்தால் அவளுக்கு எளிதாயிருந்திருக்கும்.

முச்சக்கர வண்டியில் அழைத்து வரப்பட்ட டாக்டர், வாசலிலேயே காளியாயியைச் சோதித்தார். நஞ்சுக்காற்று, மணமும் இருக்காது, புகையும் இருக்காது என்றார். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் தாம் வந்ததில் பயனிருந்திராது என்றார். ஆபத்து இன்னும் முழுதாக நீங்கவில்லை; இப்போதே அட்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

காளியாயி நாற்காலியில், திறந்த வெளியில், கண்களைச் சிமிட்டிக்கொண்டு இருந்தாள். குளிர்ந்த காற்றை இவ்வளவு ஆசையோடு அவள் விழுங்கியதை யாரும் கண்டதில்லை.

"சிலிண்டர்ல இன்னும் கேஸ் இருக்கு, சேர்," என்றான் வினோஜன், மிகத் தாழ்ந்த குரலில். விளக்கு வைக்கும் நேரம் நெருங்கியிருந்தது.

"யாருக்கு வேணும் அது?" யோகேஸ்வரனின் குரல் நடுங்கியது, அந்த நடுக்கம் உண்மையானதுதான். ஆனால் அது அடங்கிய வேகம் ஜெயந்தினிக்குப் புதிதன்று. "இனி வீட்டுக்குள்ள சிலிண்டரே வேணாம். டேங்க்தான். வெளியில இருக்கும், ஒழுங்கான குழாய் இருக்கும், தொல்லை இல்ல. நாளைக்கே கொட்டிலைப் பிரிக்கச் சொல்றேன்." தாயின் உயிர் போய் வந்த அரைமணிக்குள், மனிதர் அதிலிருந்து தமக்கு வேண்டிய முடிவைக் கறந்துவிட்டார்.

பிறகு கேட்டார்: "சன்னலை மூடினது யாரு?"

ஜெயந்தினி மாவு காய்ந்த தன் விரல்களைச் சேலையில் துடைத்தாள்.

"நான்தான் மூடச் சொன்னேன்," என்றாள் காளியாயி. "குளிருச்சு."

ஜெயந்தினி திடுக்கிட்டுப் பார்த்தாள். மாமியார் அவள் பக்கமே திரும்பவில்லை. அது பாசமன்று என்பதும் ஜெயந்தினிக்குத் தெரியும். மருமகளை இழித்துப் பேசும் உரிமை மாமியாருக்கு மட்டுமே உண்டு. அதில் மகன் பங்குக்கு வருவதைக் காளியாயி ஒருநாளும் சகித்ததில்லை.

"அப்ப அம்மாவுக்குப் புத்தி தடுமாறிருச்சு," என்றார் யோகேஸ்வரன். "வேணாம்னு சொன்னதைச் செய்யச் சொல்றாங்கன்னா, இனி இங்க விட்டுட்டுப் போக முடியாது. ஆஸ்பத்திரியில காட்டிட்டு, அங்கேயிருந்தே கொழும்புக்குக் கூட்டிட்டுப் போறேன். எட்டாம் மாடியில பத்திரமா இருப்பாங்க. சிவசாமி, அம்மாவோட சீலையெல்லாம் எடுத்து வை."

காளியாயியின் முகத்தில், காலையிலிருந்து முதன்முறையாக, பயம் தெரிந்தது. சொன்ன பொய்யைத் திரும்ப எடுக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

ஜெயந்தினிக்கு வழி தெளிவாகவே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால், தன் குற்றம் கொழும்புக்கு மூட்டை கட்டப்பட்டுப் போய்விடும். வாயைத் திறந்தால் அடுப்பை மீட்கும் கடைசி வழியும் போகும். இந்த மனிதர் இனிச் சாகும்வரை தன்னைக் குனிந்து பார்க்கும் உரிமையும் பெறுவார்.

"மாமிக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு," என்றாள். "மூடினது நான். ஓட்டையை அடைச்சதும் நான். அந்தத் தம்பி மூடவேணாம்னு சொல்லிச்சு. கேஸ் விக்கிறவன் பேச்சுன்னு நான்தான் கேக்கல."

யோகேஸ்வரன் சிரித்தார். அன்று முழுவதும் அவள் அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அப்படியே அவர் உதட்டுக்கு இடம் மாறியிருந்தது.

"முறுக்குச் சட்டியைக் காப்பாத்த என் அம்மாவைக் கொல்லப் பார்த்திருக்க."

ஜெயந்தினி குனிந்து மாமியாரின் காலடியில் கம்பளியைச் சரிசெய்தாள்.

"யோகேசு." காளியாயி கம்பளியை இழுத்துப் போர்த்தினாள். குரலில் இன்னும் பலமில்லை. அதிகாரம் மட்டும் திரும்பியிருந்தது. "ஆஸ்பத்திரிக்குச் சிவசாமி வண்டியில போவேன். கொழும்புக்கு வரமாட்டேன். டேங்க் வேணும்னா வையி, நான் வேணாங்கல. ஏ தம்பி, அந்த அளக்குற நாடா எங்க?"

"இருக்கும்மா," என்றான் வினோஜன்.

"பின்னால அளந்துட்ட. முன்னால யாரு அளக்கிறது?" அவள் மோவாயால் கராஜைக் காட்டினாள். "அது வீட்டை விட்டுத் தள்ளி நிக்குது. கானும் அந்தப் பக்கம் இல்ல. அங்க ஒருநாளும் நெருப்பு எரிஞ்சதும் இல்ல. அளந்துட்டு வா, அப்புறம்தான் வண்டியில ஏறுவேன்."

"அம்மா, அது என் கார் நிக்கிற எடம்."

"நெலம் எம் பேர்ல நிக்குது."

வினோஜன் நாடாவை எடுத்துக்கொண்டு கராஜ் வாசலில் போய் நின்றான். ஒருவர் மறுமுனையைப் பிடித்தாலன்றி அளக்க முடியாது. அவன் யோகேஸ்வரனைப் பார்த்தான். யோகேஸ்வரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஜெயந்தினிக்கு ஓர் அடி எடுத்துவைக்கவும் துணிவில்லை.

தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்த சிவசாமி தலையை நிமிர்த்தினான். இந்தத் தடவை ஓடவில்லை. உள்ளே போய், செருப்பைத் தேடி நிதானமாக மாட்டிக்கொண்டு வந்து, வாசலைக் கடந்து நடந்தான். அண்ணனைத் திரும்பிப் பாராமல் நாடாவின் மறுமுனையை வாங்கி வீட்டுச் சுவரில் வைத்து அழுத்திப் பிடித்தான்.

"இழுங்க, தம்பி," என்றான்.